மோட்டையும் வாய்க்காலும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில், விடத்தல்தீவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது பாப்பாமோட்டை. அங்கே ஒரு வீட்டில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்காகத் தாய் புதிதாக இணைய இணைப்பு எடுத்திருந்தார். றவுட்டர் யன்னல் கட்டையில் இருந்தது. மேசையில் மகனின் லப்டொப். அதில் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் 1.2 என்று ஒரு எண், அதன் பக்கத்தில் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள்.

"சேர், பத்து எண்டு சொல்லித்தான் காசு வாங்கினவங்கள். இஞ்ச பாருங்கோ, ஒண்டேகால்கூட வரேல்ல. எங்களை ஏமாத்திப் போட்டாங்கள்" என்றார் தாய்.

பெக்கேஜ் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். அட்டையில் பத்துக்குப் பிறகு 'எம்பிபிஎஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எம்முக்கு அடுத்து நிற்கும் எழுத்தை மட்டும் பாருங்கள். அட்டையில் அது சின்ன 'பி'. ஒரு நேர்கோடு, அதன் காலடியில் ஒரு வயிறு. திரையில் எம்முக்கு அடுத்து நின்றது பெரிய 'பி'. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வயிறு. ஒரு வயிறு என்றால் பிற்று. இரண்டு வயிறு என்றால் பைற்று. எட்டுப் பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. பத்தை எட்டால் பிரித்தால் 1.25.

"ஏமாத்தேல்ல தங்கச்சி. ரெண்டும் ஒரே கணக்குத்தான்" என்றேன். அவர் உடனே நம்பவில்லை. மகன் கொப்பியின் பின்பக்கத்தில் தானே பிரித்துப் பார்த்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

அந்த வீட்டில் யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இதே கரையில், உண்மையாகவே குறைவாக வரும் வீடுகளும் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கோ குறைவாக வருகிறது என்பதே தெரியாது. இந்த இரண்டு வகை வீட்டுக்காகவும்தான் இந்த அத்தியாயம். 2009இல் போர் முடிந்த பிறகு மீளக் குடியேறிய இந்தப் பக்கத்து வீடுகளில் பல, கம்பித் தொலைபேசியைக் காணாமலே நேரே கைத்தொலைபேசிக்கு வந்தவை. பிள்ளையின் படிப்பும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகமும் அந்த ஒரு சிம்மின் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. அதற்குக் கொடுக்கிற காசின் அளவை அறிந்திருப்பது வீட்டுக்காரரின் உரிமை என்று நான் நினைக்கிறேன்.

ஊர்ப்பெயரில் எத்தனை பிற்று?

பிற்று என்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைப் பதில். விளக்கு எரிகிறது, எரியவில்லை, ஒன்று, பூச்சியம். அதைவிடச் சின்னச் செய்தி கிடையாது. அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் 1948இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் அச்சுக்கு வந்தது. சொல்லை உருவாக்கியவர் ஜோன் டூக்கி என்று ஷனனே அதில் குறித்திருக்கிறார். பைற்று என்ற சொல் 1956இல் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த வேர்னர் புக்ஹோல்ஸ் வைத்தது. ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்க எட்டுப் பிற்று போதும் என்பதால் பிற்பாடு பைற்று எட்டிலேயே நிலைத்துவிட்டது.

தமிழுக்கு அந்த எட்டுப் போதாது. 'பாப்பாமோட்டை' என்று எழுதுங்கள். வாசிக்கிறவருக்கு ஆறு எழுத்து: பா, ப், பா, மோ, ட், டை. கணினிக்கு அப்படி இல்லை. யுனிகோட் முறையில் பகரம் ஒன்று, அதன் கால் ஒன்று, மெய்யின் புள்ளி ஒன்று என்று ஒவ்வொரு குறியும் தனித்தனி. எண்ணினால் பன்னிரண்டு. இணையத்தில் இப்போது பரவலாக ஓடும் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று வேண்டும். ஆக 36 பைற்று, 288 பிற்று. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பதினொரு எழுத்து, பதினொரு பைற்று, 88 பிற்று.

பழைய எஸ்எம்எஸ்ஸில் இந்த வித்தியாசத்துக்கு நாம் காசாகவே கட்டியிருக்கிறோம். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைற்று, அதாவது 1,120 பிற்று. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஏழு பிற்று என்று அடைத்து 160 எழுத்து அனுப்பலாம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிற்று போவதால் 70 குறியோடு முடிந்துவிடும். அதுவும் குறிக்கணக்கு, எழுத்துக்கணக்கு அல்ல. ஒரு சுகம் விசாரிப்புக்கே இரண்டு மூன்று எஸ்எம்எஸ்ஸின் காசு போனதன் காரணம் இது.

ஆனாலும் தட்டெழுதிய தமிழ் இன்றைய இணைப்புக்குச் சுமையே அல்ல. இரண்டாயிரம் குறி கொண்ட ஒரு முழுப் பக்கம் 6,000 பைற்றுத்தான். அதே பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் சாதாரணமாக 40 இலட்சம் பைற்று வரும், அறுநூறு மடங்குக்கு மேல். சிக்னல் மெலிந்த இடத்தில் இருந்து அவசரச் செய்தி அனுப்ப வேண்டுமானால் படம் எடுக்காதீர்கள், தட்டெழுதுங்கள். 288 பிற்று பலவீனமான சிக்னலிலும் பெரும்பாலும் போய்ச் சேரும்.

தேங்கி நிற்பதும் ஓடுவதும்

மோட்டை என்றால் இந்தப் பக்கத்தில் சிறிய நீர்நிலை. ஊர்ப்பெயரிலேயே அளவை இருக்கிறது. மாந்தை வயல்காரருக்குக் கட்டுக்கரைக்குளத்தின் கணக்கு மனப்பாடம். குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதை ஏக்கர் அடியில் சொல்வார்கள். துருசைத் திறந்தால் எவ்வளவு ஓடுகிறது என்பதைச் செக்கனுக்கு எத்தனை கன அடி என்று சொல்வார்கள். அருவியாற்றில் தேக்கத்தில் மறித்த நீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருவதையும் அப்படித்தான் அளப்பார்கள். செக்கனுக்கு ஒரு கன அடி ஒரு முழு நாள் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி சேரும். நிற்பதற்கு ஓர் அளவை, ஓடுவதற்கு இன்னோர் அளவை. இரண்டையும் குழப்புகிற கமக்காரரை நான் கண்டதில்லை.

இணையத்திலும் இதேதான். கோப்பு, படம், பாட்டு, மாதப் பெக்கேஜில் தரும் 'டேட்டா' எல்லாம் மோட்டையில் நிற்கிற நீர். அவற்றைப் பைற்றில் சொல்வார்கள். கம்பியிலும் காற்றிலும் ஓடுவது வாய்க்கால் நீர். அதைச் செக்கனுக்கு எத்தனை பிற்று என்று சொல்வார்கள். 'இந்தப் படம் எத்தனை எம்பி' என்ற கேள்விக்கும் 'உங்கட லைன் எத்தனை எம்பி' என்ற கேள்விக்கும் நாம் ஒரே வாய்ச்சொல்லைப் பாவிக்கிறோம். குழப்பம் முழுவதும் அந்த வாய்ச்சொல்லில் இருந்துதான் வருகிறது. கடையில் கேட்கும்போது 'செக்கனுக்கு எத்தனை மெகாபிற்று' என்று முழுதாகக் கேளுங்கள். கடைக்காரரும் நின்று, யோசித்துப் பதில் சொல்வார்.

செக்கனுக்கு எத்தனை?

கிலோபிற்று ஆயிரம் பிற்று. மெகாபிற்று பத்து இலட்சம். கிகாபிற்று நூறு கோடி. ஓட்டத்தின் கணக்கில் எப்போதும் ஆயிரத்தின் மடங்குதான்.

இந்த எண்களுக்கு உருவம் வேண்டுமானால் தலைமன்னாரை நினைத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையையும் இந்தியாவையும் இணைத்த தந்திக் கம்பி மன்னார்த் தீவு வழியாகத்தான் போனது. நிமிடத்துக்கு இருபது சொல் அடிக்கும் கைதேர்ந்த தந்திக்காரரின் விரலில் இருந்து செக்கனுக்குப் பதினாறு பதினேழு குறி அலகுகள் போகும். ஒரு குறி அலகை ஒரு பிற்று என்று வைத்துக்கொண்டால், நம் ஊர்ப்பெயரின் 288 பிற்றை அனுப்ப அவருக்குப் பதினேழு செக்கன் வேண்டும். பிறகு தொலைபேசியில் குரலை எண்ணாக்கியபோது, செக்கனுக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிற்றில் எழுதினார்கள். 8,000ஐ எட்டால் பெருக்கினால் 64,000. அதனால்தான் 64 கிலோபிற்று என்ற எண் இன்றுவரை எங்கும் எதிர்ப்படுகிறது. அந்த வேகத்தில் ஊர்ப்பெயர் போக நாலரை மில்லிசெக்கன். 10 மெகாபிற்று இணைப்பில் ஒரு மில்லிசெக்கனில் முப்பத்துநான்கு தடவை போகும்.

64ஐ ஞாபகம் வைத்திருங்கள். 'வரம்பற்றது' என்று விற்கும் சில பெக்கேஜ்களில், குறித்த அளவு டேட்டா முடிந்ததும் வேகத்தை 64 கிலோபிற்றுக்கு இறக்கிவிடுவார்கள். அப்போது செக்கனுக்கு 8 கிலோபைற்றுத்தான் வரும். 4 மெகாபைற்றுப் படம் ஒன்றுக்கு எட்டு நிமிடம் இருபது செக்கன். வரம்பு இல்லை என்பது எழுத்தளவில் உண்மை. அந்த வேகத்தில் ஒரு பிள்ளை படிக்க முடியாது என்பதும் உண்மை. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது: அளவு முடிந்த பிறகு செக்கனுக்கு எத்தனை கிலோபிற்று?

போட் என்று இன்னோர் அலகும் பழைய புத்தகங்களில் வரும். 1874இல் தந்தியில் பல செய்திகளை ஒரே கம்பியில் அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் எமில் போடோவின் பெயரில் வந்தது. அது பிற்றை எண்ணாது, சைகையின் அசைவுகளை எண்ணும். ஓர் அசைவில் பல பிற்றை ஏற்றலாம். பழைய மோடம்களில் 2,400 பிற்று அனுப்பும் வகை 600 போட்டில் ஓடியது. அசைவுக்கு நான்கு பிற்று.

இந்தப் பழங்கதை இன்றைக்கும் பயன்படும். ரவருக்குக் கிட்ட இருக்கும் 4ஜி போனுக்கு ஓர் அசைவில் ஆறு பிற்று ஏற்றி அனுப்ப முடியும். தூரம் கூடி, சிக்னல் மெலிந்தால் ரவர் அதை நான்காகவும் பிறகு இரண்டாகவும் குறைத்துக்கொள்ளும். அசைவு அதே எண்ணிக்கைதான், சுமை மட்டும் மூன்றில் ஒன்று. வீட்டின் முன்பக்கத்தில் பறக்கிற இணையம் குசினிக்குள் ஊர்ந்து போவதன் காரணம் இது. தகரக் கூரையும் தகர அடைப்பும் அலையைத் தெறிக்க வைத்துவிடும். கிடுகும் காய்ந்த பனையோலையும் அவ்வளவு மறிக்காது. றவுட்டரை ரவர் இருக்கும் திசை யன்னலில், தகரத்துக்கு வெளியே பார்க்கும்படி, ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள். செலவில்லாமல் வேகத்தைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்துநான்கா?

கொத்தைக் குவித்து அளப்பதும் தலை தட்டி அளப்பதும் போன்ற ஒரு பிரச்சினை இதிலும் உண்டு. ஓட்டத்தில் கிலோ என்றால் ஆயிரம் என்றேன். சேமிப்பில் சிலர் 1,024 என்று கணக்கு வைப்பார்கள், பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது. 64 கிகாபைற்று என்று எழுதிய பென்ட்ரைவை விண்டோஸ் கணினியில் போட்டால் 59.6 என்று காட்டும். கடைக்காரர் திருடவில்லை. அவர் தலை தட்டி அளந்தார், விண்டோஸ் குவித்து அளக்கிறது. 1998இல் 1,024 கணக்குக்குக் கிபி, மெபி என்று தனிப்பெயர்கள் வைத்தார்கள். கடைத்தெருவில் அவை பழகவில்லை. வீட்டுக் கணக்குக்கு ஆயிரமே போதும்.

மெமரி காட்டில் வட்டத்துக்குள் 10 என்று இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அது செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைற்று எழுதும் என்ற உறுதி. இரண்டு வயிற்றுக் கணக்கு. பெக்கேஜ் அட்டையில் இருக்கும் பத்தைவிட எட்டு மடங்கு.

கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு

முறை எளிது. கோப்பின் அளவை எட்டால் பெருக்குங்கள், வேகத்தால் பிரியுங்கள், செக்கன் வரும். 700 மெகாபைற்றுப் பாட வீடியோவை 20 மெகாபிற்று இணைப்பில் இறக்க: 700ஐ எட்டால் பெருக்க 5,600, இருபதால் பிரிக்க 280 செக்கன். நான்கு நிமிடம் நாற்பது செக்கன்.

நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் கூடும். தரவு பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். 1,500 பைற்றுப் பொட்டலத்தில் சாதாரணமாக 40 பைற்று முகவரிக்குப் போய், 1,460 பைற்றுத்தான் உங்கள் சரக்கு. வழியில் தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப அனுப்பவும் வேண்டும். எனவே மனக்கணக்குக்கு எட்டுக்குப் பதில் பத்தை வையுங்கள். 20 மெகாபிற்று என்றால் செக்கனுக்கு 2 மெகாபைற்று. இந்தக் கணக்குச் சந்தையில் நின்றபடியே வாய்விட்டுப் போடக்கூடியது, பெரும்பாலும் ஏமாற்றாது.

வீடியோ அழைப்புக்குத் திருப்பிக் கணக்குப் போட வேண்டும். ஓட்டம் தெரியும், மோட்டையில் எவ்வளவு குறையும் என்பது கேள்வி. ஸூமில் இருவர் தெளிவான படத்தோடு கதைக்க ஒரு பக்கத்துக்கு 600 கிலோபிற்று வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு 3,600 செக்கன். பெருக்கி எட்டால் பிரித்தால் 270 மெகாபைற்று. முகம் வருவதற்கு 270, உங்கள் முகம் போவதற்கு 270, மொத்தம் 540. லண்டனில் இருக்கிற மகளோடு கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் கதைக்கிற தாய்க்கு மாதம் நாலரைக் கிகாபைற்று அதற்கென்றே வேண்டும். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பெக்கேஜ் எடுங்கள். மாதம் முடிய முன்னம் டேட்டா முடிந்து, பேச்சுப் பாதியில் அறுகிற வேதனை மிச்சம். யூடியூப்பில் மிகத் தெளிவான படத்துக்கு 5 மெகாபிற்று, ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 கிகாபைற்று. படத்தின் தரத்தை 480க்கு இறக்கினால் 1.1 மெகாபிற்று போதும், அரைக் கிகாபைற்றுக்குள் பாடம் முடிந்துவிடும். கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் கரும்பலகை எழுத்து அதிலேயே வாசிக்கத் தெரியும்.

ஏற்றும் வேகத்தை அட்டையில் பெரிதாகப் போட மாட்டார்கள். இறக்கத்துக்குப் பெரிய எண், ஏற்றத்துக்குச் சின்ன எண் அல்லது எண்ணே இல்லை. போனின் அலைபரப்புச் சக்தி ரவரின் சக்தியோடு ஒப்பிட மிகச் சிறியது. அதனால் ஏற்றம் எப்போதும் மெலிவு. விடைத்தாளைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்பும் பிள்ளைக்கு வேண்டியதோ ஏற்றம்தான். பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு 4 மெகாபைற்று, மொத்தம் 48. ஏற்றம் அரை மெகாபிற்று என்றால் 768 செக்கன், ஏறத்தாழ பதின்மூன்று நிமிடம். அதற்குள் கரண்ட் போகலாம், சிக்னல் விழலாம். அதே பக்கங்களை போனில் இருக்கும் ஸ்கேன் வசதியால் பக்கத்துக்கு 300 கிலோபைற்றாகச் சுருக்கினால் 58 செக்கன். பாடசாலைகளில் இந்த ஒரு வேலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எத்தனையோ இரவு விழிப்பு மிஞ்சும்.

வேகம் இருந்தும் தாமதம்

மன்னார் நகரில் இருந்து ஒருவர் 64 கிகாபைற்றுப் பென்ட்ரைவ் நிறையப் பாடங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். பாப்பாமோட்டைக்கு ஒரு மணித்தியாலம் என்றே வைப்போம். 512 கிகாபிற்றை 3,600 செக்கனால் பிரித்தால் செக்கனுக்கு 142 மெகாபிற்று. அந்த வீட்டுப் பெக்கேஜைவிடப் பதினான்கு மடங்கு வேகம். ஆனால் முதல் பிற்று வந்துசேர ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். வாய்க்காலின் அகலம் ஒன்று, நீர் கடைமடைக்கு வந்துசேர எடுக்கும் நேரம் இன்னொன்று. வேகச் சோதனையில் 'பிங்' என்று மில்லிசெக்கனில் காட்டுவது இந்த இரண்டாவதை.

இதற்கு இயற்கையே எல்லை போட்டிருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போக 70 மில்லிசெக்கன், வர 70. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். கனடாவில் இருக்கிற அண்ணன் ஒரு மூச்சு பிந்திச் சிரிப்பதாகத் தோன்றினால் பெக்கேஜை மாற்றிப் பயனில்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகப் போனால் கேள்வி போய்ப் பதில் வருவதற்கே அரைச் செக்கனுக்குக் கிட்ட ஆகும். 2025இல் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்கின் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை.

எனக்கு நெஞ்சில் தைக்கிற ஒரு கணக்கையும் இங்கே எழுத வேண்டும். இந்தக் கரையில் இருந்து, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம் இருக்கும் கரை, கடல்மேல் பார்த்தால் பக்கத்து ஊர். போர்க்காலத்தில் படகில் போய் அங்கேயே தங்கிவிட்ட சொந்தங்கள் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. இன்று பாப்பாமோட்டையில் இருந்து அங்கே வட்ஸ்அப்பில் எடுத்தால், குரல் பெரும்பாலும் தெற்கே கொழும்புக்குப் போய்த்தான் கடலுக்குள் இறங்கும். 2006இல் திறந்த பாரத் லங்கா கேபிள் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்தது. நீளம் 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பழைய தந்திக் கம்பி மன்னார் வழியாகப் போனது, புதியது மன்னாரைத் தொடவில்லை. ஒளிக்கு அந்தச் சுற்றுவழி சில மில்லிசெக்கன்தான். காது அதை உணராது.

அளந்து எழுதி வையுங்கள்

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. அது காற்று நன்றாக வீசும்போது தரக்கூடிய உச்சம். காற்று விழுந்த நாளில் அந்த எண் இராது. பெக்கேஜ் அட்டையில் பத்துக்குப் பிறகு 'வரை' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சொல்லும் அதே மாதிரி உச்சத்தைத்தான் சொல்கிறது. ஒரு ரவரின் கொள்ளளவை அதன்கீழ் இருக்கும் எல்லா வீடும் பங்குபோடும். 20 மெகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையில் சாதாரண 4ஜி கோட்பாட்டளவில் 150 மெகாபிற்று தரும். இரவு எட்டு மணிக்கு நூறு வீடு ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் ஆளுக்கு ஒன்றரைதான்.

ஆகவே ஒரு தடவை அளந்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. விடிய ஐந்தரைக்கு ஒன்று, மத்தியானம் இரண்டுக்கு ஒன்று, இரவு எட்டுக்கு ஒன்று என்று ஏழு நாள் அளவுங்கள். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் போதும். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் தளம் முதலில் இறக்கத்தை மட்டும் காட்டும். கூடுதல் விபரத்தை அழுத்தினால் ஏற்றமும் தாமதமும் வரும். அளக்கும்போது வீட்டில் மற்ற போன்களின் இணையத்தை நிறுத்திவிடுங்கள், றவுட்டருக்குக் கிட்ட நின்று அளவுங்கள். சோதனையும் டேட்டாவைத் தின்னும்: 10 மெகாபிற்று இணைப்பில் பத்துச் செக்கன் இறக்கம் பார்த்தால் 12.5 மெகாபைற்று போய்விடும். அளவான டேட்டா வைத்திருப்பவர்கள் அதற்கும் கணக்கு ஒதுக்குங்கள். கொப்பியில் ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று எண்: இறக்கம், ஏற்றம், பிங். முதல் இரண்டும் மெகாபிற்றில், மூன்றாவது மில்லிசெக்கனில். அலகை எழுதாத எண் பிறகு உதவாது.

என் வீட்டில் ஒரு காலம் இரவு இணையம் படுத்துவிட்டது. கூரையில் அன்ரனா பூட்டித் தந்த இணைப்பு. நிறுவனத்துக்கு எடுத்து, "நெட் சரியான ஸ்லோவா இருக்கு" என்றேன். றவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். ஒரு கிழமை கழித்து, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்தேன். "10 மெகாபிற்று வரை என்ற பெக்கேஜ். ஏழு நாளும் இரவு எட்டு மணிக்கு 1.1 முதல் 1.6 வரை. விடிய ஐந்தரைக்கும் 2.5ஐத் தாண்டவில்லை. பிங் 120க்குக் குறையவில்லை" என்று வாசித்தேன். விடியவும் குறைவு என்றதும் எதிர்ப்பக்கத்தில் இருந்தவரின் குரல் மாறியது. இரவில் மட்டும் குறைந்தால் அது ஊர் நெரிசல். விடியவும் குறைந்தால் கோளாறு என் இணைப்பில். அப்படியும் சரிவராமல் இருந்திருந்தால் இதே கணக்கைக் கடிதமாக எழுதித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அனுப்ப ஆயத்தமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு தம்பி ஏணியோடு வந்தார். காற்றில் அன்ரனா திரும்பிப் போயிருந்தது. ரவரின் திசைக்குத் திருப்பி, ஆணியை இறுக்கிவிட்டு இறங்கினார். அன்று இரவு எட்டு மணிக்கு அளந்தேன். கொப்பியில் இப்படி இருக்கிறது: இறக்கம் 6.2 மெகாபிற்று, ஏற்றம் 2.0 மெகாபிற்று, பிங் 44 மில்லிசெக்கன்.